விடுதி நடத்தும் தொழில்



சில ஆண்டுகளுக்கு முன்பு, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான வாரத்தில், எங்கள் பகுதித் தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்திற்கு வந்தார். பையன் ஆறு பாடங்களில் சித்தியடைந்திருந்தான். தந்தையின் முகத்தில் அதற்குரிய மகிழ்ச்சி தென்படவில்லை. "ஐயா, இவன் ஹோட்டல் வேலைக்குத்தான் போவேன்னு நிக்கிறான். பதினோரு வருசம் படிக்க வச்சது எச்சில் கோப்பை கழுவவா?" என்று கேட்டார். பையன் தலைகுனிந்து நின்றான். சிறிது நேரம் விசாரித்த பின்னரே இருவரும் இரு வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றார்கள் என்பது எனக்குப் புலப்பட்டது. தந்தையின் மனத்தில் இருந்தது பட்டணத்துச் சந்தியில் ரொட்டியும் பிளேன்டீயும் விற்கும் சாப்பாட்டுக் கடை. மகன் நினைத்ததோ நுவரெலியாவில் வெளிநாட்டார் வந்து தங்கும் பெரிய மாளிகை. நம் நாட்டுத் தமிழில் இரண்டுக்கும் 'ஹோட்டல்' என்ற ஒரே பெயர்தான்.

அன்று அவர்களுக்கு நான் சொன்னதையும், சொல்லுமுன் நானே பலரிடம் கேட்டறிய நேர்ந்ததையும் இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். குழப்பம் நேராதிருக்க, உண்பதற்கு மட்டும் உள்ள இடத்தைக் கடை என்றும், இரவு தங்க அறை தரும் இடத்தை விடுதி என்றும் இப்பேச்சில் குறிப்பிடுவேன்.

நான் வசிக்கும் பட்டிப்பொல, இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையம் அமைந்த ஊர். நிலையத்தை அடுத்துள்ள பாதையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரமானது. மரக்கறித் தோட்டங்களும் காடும் பனிமூட்டமுமே இவ்வூரின் செல்வம். ஆயினும் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவிற்குச் செல்லும் வழிகளுள் ஒன்று எங்கள் ஊர் வழியாகவே போகிறது. அச்சமவெளியின் விளிம்பில் 'உலக முடிவு' எனப்படும், சுமார் 870 மீற்றர் ஆழமுள்ள செங்குத்துப் பாறை உள்ளது. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மூடுபனி ஏறி அப்பள்ளத்தை மறைத்துவிடும். அதனால் பார்க்க விரும்புவோர் விடிவதற்கு முன்னரே புறப்பட வேண்டும். விடிவதற்கு முன் புறப்பட வேண்டுமாயின் முதல் நாள் இரவு அருகில் எங்கேனும் தங்க வேண்டும். எங்கள் ஊரிலும் அம்பேவெலப் பக்கத்திலும் நுவரெலியாவிலும் உள்ள எத்தனையோ அறைகள் இந்த மூடுபனியின் தயவால் நிரம்புகின்றன. மாலை ஆறு மணிக்கு வந்து, போர்வைக்குள் சுருண்டு, காலை நாலரை மணிக்குப் பொதி கட்டிய காலை உணவுடன் வாகனம் ஏறிவிடும் விருந்தினர் இவர்கள். இவர்களுக்கு விடுதிக்காரர் விற்றது என்ன? கட்டிலையும் அன்று, அறையையும் அன்று. அந்த அறையின் ஓர் இரவை விற்றார்.

விடுதித் தொழிலின் அடிப்படை இந்த 'அறையிரவு' என்னும் சரக்கே. தோட்டத்து நேயர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். மலையில் எடுத்த கொழுந்தை உடனே இஸ்டோருக்கு அனுப்பாவிட்டால் கெட்டுவிடும். ஆனால், தூளாகிப் பொதியில் ஏறிய தேயிலை கொழும்பு ஏலத்திற்காக வாரக்கணக்கில் காத்திருக்கும். அறையிரவுக்கு அந்தப் பொறுமை இல்லை. இன்றிரவு விலைபோகாத அறையை நாளைக்கு இரண்டாக விற்க இயலாது. விடிந்ததும் அச்சரக்கு அழிந்துபோகிறது. ஆனால் அறையின் வாடகை, வட்டி, விளக்கு, காவற்காரர் சம்பளம் ஆகியவை விடிந்தாலும் அழிவதில்லை. விடுதியின் பகுதிகள் அமைந்த முறையும், விலை பருவத்துக்குப் பருவம் மாறுவதும், ஊழியரின் கைக்கு வரும் பணம் ஏறி இறங்குவதும் பெரும்பாலும் இவ்வொரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

முற்காலத்தில் நம்மவரிடையே இரவுத் தங்கலுக்கு விலை இருக்கவில்லை. தமிழகத்தில் சத்திரம், சிங்கள ஊர்களில் வழியோரத்தே நின்ற அம்பலம். நம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த காலத்தில், கூரை என்று ஒன்று கிடைத்தாலே பெரும்பேறு. இவை அறத்திற்காக நின்றவை. ஆகவே அவற்றில் கணக்கு இல்லை, முகாமையாளரும் இல்லை. பின்னர் ஆங்கில ஆட்சியில் வீதிகள் திறந்தபோது அரசாங்கமே உத்தியோகத்தர்களுக்காக வீதியோரங்களில் வாடி வீடுகளைக் கட்டியது. கொழும்பு - கண்டி வீதியில் அம்பேபுஸ்ஸ வாடி வீடு 1828 ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். ஹோர்ட்டன் சமவெளியிலும், தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரால் 'ஃபார் இன்' என்று வழங்கிய வேட்டை மாளிகை பிற்காலத்தில் வாடி வீடாக இயங்கியது. இப்போது அக்கட்டடத்தில் பூங்காவின் காட்சிக்கூடம் உள்ளது.

நுவரெலியாவில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் தமக்கெனக் கட்டிய இல்லமே பின்னர் பெருகி வளர்ந்து 'கிராண்ட் ஹோட்டல்' ஆயிற்று. 1885 இல் புகையிரதம் நானுஓயா வரை வந்தது. 1893 இல் எங்கள் பட்டிப்பொலையைத் தாண்டி அப்புத்தளையை எட்டியது. மாட்டு வண்டியில் நாட்கணக்கில் வர வேண்டிய ஊருக்கு ஒரே பகலில் வந்துசேரலாம் என்றானவுடன், மலைக் காற்றுக்காக வருவோர் தொகை பெருகியது. தேயிலையை இறக்குவதற்காகப் போட்ட பாதை விருந்தினரை ஏற்றி வந்தது என்று சொல்லலாம்.

இனி, விடுதி உள்ளே எவ்வாறு இயங்குகிறது என்று பார்ப்போம். இதன் சிறு வடிவத்தை நாம் முன்பே அறிவோம். தோட்டத்துரையின் பங்களாவில் அப்பு என்றொருவர் இருப்பார். சமையலும் மேசையும் அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே உதவியாள், அறைகளைத் துப்புரவு செய்ய ஒருவர், பூந்தோட்டத்திற்கு ஒருவர், இரவுக் காவலுக்கு ஒருவர். இதையே நூறு மடங்காக்கினால் பெரிய விடுதி. துரை ஒருவருக்குப் பதிலாக நாள்தோறும் புதிய துரைமார் இருநூறு பேர் வந்து போகின்றார்கள் என்பதே வேறுபாடு. எனவே அப்பு ஒருவர் எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. பகுதி பிரிக்க வேண்டும்.

முதலாவது வரவேற்புப் பகுதி. அறையை விற்பதும், திறப்பைக் கொடுப்பதும், கணக்கை முடித்துப் பணம் பெறுவதும் இங்கேயே. நள்ளிரவுக்குப் பின் ஓர் எழுத்தர் அமர்ந்து அன்றைய வரவுகளையெல்லாம் சரிபார்த்து நாளை முடிப்பார். விடுதியின் நாட்கணக்கு ஊர் உறங்கும்போதே மூடப்படுகிறது. இரண்டாவது அறைப் பராமரிப்புப் பகுதி. விருந்தினர் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையை விட வேண்டும், புதியவர் இரண்டு மணிக்கே நுழையலாம் என்று பல விடுதிகளில் விதி உண்டு. பலர் இதனை வீண் கெடுபிடி என்று கருதுவர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஒரு பெண்ணோ இளைஞனோ விரிப்புகளை மாற்றி, குளியலறையைத் தேய்த்து, கண்ணாடி துடைத்து, அடுத்தவருக்கு அந்த அறையில் யாருமே தங்கியதில்லை என்ற தோற்றத்தை உண்டாக்குகிறார். ஒரு நாளில் ஒருவர் பன்னிரண்டு முதல் பதினைந்து அறை வரை முடிப்பது சாதாரணம்.

மூன்றாவது சமையற் பகுதி, நான்காவது உணவு பரிமாறும் பகுதி. வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். உள்ளே அவற்றிற்கிடையே ஒரு கதவும், அந்தக் கதவின் இருபுறமும் தீராத வழக்கும் உண்டு. இலண்டன் சவோய் விடுதி 1889 இல் திறக்கப்பட்டது. அதனை நிர்வகித்த சேசர் ரிட்ஸ், தலைமைச் சமையற்காரர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே ஆகிய இருவரையும் இக்காலத்து விடுதி முறைக்கு வழிகாட்டியோர் என்று கூறலாம். ஒரு பண்டத்தை ஒரே சமையற்காரர் தொடக்கம் முதல் முடிவு வரை செய்த வழக்கத்தை எஸ்கோஃபியே மாற்றினார். குழம்புக்கு ஒருவர், வாட்டும் இறைச்சிக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று வேலையைப் பிரித்தார். பண்டம் விரைவில் மேசைக்கு வந்தது. தேயிலை இஸ்டோரில் வாட்டுவோர் உருட்டுவதில்லை, உருட்டுவோர் சலிப்பதில்லை அல்லவா? அதே ஒழுங்கு.

இந்த ஒப்புமையைக் கண்ணால் காண விரும்புவோர் கந்தப்பளைக்குச் செல்லலாம். ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலையை 1996 இல் விடுதியாக்கி நடத்தி வருகின்றார்கள். கொழுந்து வாட்டிய மாடித் தளங்கள் இன்று படுக்கையறைகள். பழைய இயந்திரத்தை அகற்றாமல் பார்வைக்கு வைத்துள்ளனர்.

இந்த நான்கு பகுதிகளுக்குப் பின்னால் களஞ்சியம், கணக்கு, பழுதுபார்ப்பு, காவல், ஆளணி என்பன நிற்கின்றன. பணம் ஈட்டும் பகுதியையும் பணம் செலவழிக்கும் பகுதியையும் கணக்கில் தனித்தனியே காட்ட வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய பாடம். நியூயோர்க் விடுதிக்காரர் சங்கம் 1926 இலேயே இதற்கென ஒரு பொதுக் கணக்கு முறையை வெளியிட்டது. உணவுச்சாலை நிரம்பி வழிந்தும் ஆதாயம் இராது. சத்தமின்றி இருக்கும் அறைகளே விடுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும். கணக்கைப் பிரித்து எழுதினாலன்றி இது தெரியவராது.

கணக்கு என்றதும் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். பள்ளிக்கூட ஆசிரியரின் பழக்கம். நேயர்கள் பொறுத்தருள வேண்டும். பத்து அறைகள் உள்ள ஒரு விடுதிக்கு முப்பது நாள் மாதத்தில் 300 அறையிரவுகள் உண்டு. அறை 9,000 ரூபா என்று வைத்துப் பாதியை, அதாவது 150 இரவுகளை விற்றால் 13 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வரும். விலையை 6,000 ஆகக் குறைத்து 240 இரவுகளை விற்றால் 14 இலட்சத்து 40 ஆயிரம் வரும். இரண்டாவது வழியே நல்லது என்று என் மாணவர் அனைவரும் கூறுவர். ஆனால், ஓர் அறையில் ஆள் தங்கினால் சலவை, சுடுநீர், காலை உணவு என்று 1,200 ரூபா செலவாகும் என்று கொள்வோம். அதைக் கழித்தால் முதல் வழியில் 11 இலட்சத்து 70 ஆயிரமும், இரண்டாவது வழியில் 11 இலட்சத்து 52 ஆயிரமுமே மிஞ்சும். கூட்டம் நிரம்பிய விடுதி 18,000 ரூபாவை இழந்தது. ஊழியரோ மேலும் 90 அறைகளைத் துடைத்தார்கள். எந்த நாளில் விலையை உயர்த்துவது, எந்த நாளில் இறக்குவது என்பதை அறிந்தவரே முகாமையாளர் என்று நான் கருதுவது இதனாலேயே. நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்தில், மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் நடக்கும்போது, கேட்ட விலைக்கு அறை போகும். ஜூன் மாத மழையில் அதே அறையைக் கேட்பார் இல்லை. இணையத்தின் வழியே விருந்தினரைச் சேர்த்துத் தரும் முகவர்களுக்கு நூற்றுக்குப் பதினைந்தோ அதற்கு மேலோ தரகு போவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உடைமை பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். வாசலில் தொங்கும் பெயர்ப் பலகையைப் பார்த்து முதலாளியை அறிய முடியாத தொழில் இது. கட்டடம் ஒருவருடையதாகவும், பெயர் இன்னொரு நிறுவனத்தினுடையதாகவும், நிர்வாகம் மூன்றாமவர் கையிலும் இருக்கலாம். 1949 இல் புவேர்ட்டோ ரீக்கோத் தீவில் அரசாங்கமே ஒரு விடுதியைக் கட்டி, அதை நடத்தும் பொறுப்பை ஹில்டன் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. கட்டடத்தில் முதல் போடாமலே விடுதி நடத்தலாம் என்ற வழி அதன் பின்னர் உலகெங்கும் பரவியது. 1952 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தொடங்கிய 'ஹொலிடே இன்' நிறுவனமோ, தன் பெயரையும் ஒழுங்கையும் பிறருக்குக் கட்டணத்திற்குக் கொடுத்துப் பெருகியது. நம் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு. ஹட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்களை 2005 முதல் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் ஒரு தேயிலைக் குழுமம் விடுதியாக நடத்துகிறது. தேயிலையும் தங்கலும் ஒரே கையிலிருந்து விற்பனையாகின்றன. வேலைக்குப் போகும் பையனுக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுபவர் இம்மூவருள் யார் என்பது, சம்பளம் நின்றுபோகும் மாதத்தில் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அடுத்தது தரம் பிரித்தல். விடுதிக்கு நட்சத்திரம் இடும் வழக்கம் விசித்திரமாகத் தோன்றியது. 1912 இல் இங்கிலாந்தின் மோட்டார் வாகனச் சங்கம், தன் அங்கத்தினருக்கு வழியிலுள்ள விடுதிகளைப் பரிந்துரைக்க விரும்பியது. பிராந்திப் போத்தலில் தரத்தைக் காட்ட நட்சத்திரம் அச்சிடும் வழக்கத்தையே அது இரவல் வாங்கிற்று. உலகம் முழுவதற்கும் பொதுவான அளவுகோல் இன்றுவரை இல்லை. ஒவ்வொரு நாடும் தன் விதிகளை வகுத்துக்கொள்கிறது. ஏழு நட்சத்திரம் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அப்படி ஒரு வகுப்பு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

இலங்கையில் 1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் உல்லாசப் பிரயாணச் சபை அமைந்தது. அதே ஆண்டில் ஹோட்டல் கூட்டுத்தாபனமும் உருவாகி, வாடி வீடுகள் பலவற்றைப் பொறுப்பேற்றது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ் இப்பொறுப்பு இன்று இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிடம் உள்ளது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திர வகுப்புகள் ஒரு புறம். விருந்தினர் இல்லம், பங்களா, மரபுரிமை இல்லம், வாடகை வீடு, வீட்டார் வாழும் வீட்டிலேயே அறை தரும் இல்லத் தங்கல் முதலிய வகுப்புகள் மறுபுறம். பரிசோதகர்கள் வந்து அறையின் பரப்பு, குளியலறை, தீத்தடுப்பு, சமையலறைச் சுத்தம், பயிற்சி பெற்ற ஊழியர் எத்தனை பேர் என்பன போன்றவற்றைப் பார்த்துக் குறிப்பர்.

நட்சத்திரம் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதைத் தோட்டத்தார் எளிதில் விளங்கிக்கொள்வர். தேயிலைக்கு பி.ஓ.பி. என்றும் டஸ்ட் என்றும் தரம் இடுகின்றார்கள். அவை இலையின் அளவைக் கூறும் பெயர்கள். சுவையை அவை கூறுவதில்லை. சுவை வேண்டுமாயின் ருசி பார்ப்பவர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். விடுதியின் நட்சத்திரமும் எண்ணக் கூடியதை எண்ணிச் சொல்கிறது. குளிரில் நடுங்கி வரும் பிரயாணிக்குக் கேட்குமுன்பே சுடுநீர்ப் போத்தல் கொண்டுவந்து தரும் ஊழியரை எந்தப் படிவத்தில் எண்ணுவது? நான் அறிந்தவரை அதற்குக் கட்டம் இல்லை. ஆயினும் படிவத்தை இகழ்ந்துவிடலாகாது. தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி உண்டா என்ற கேள்வியை அன்பு மிகுந்த விடுதிக்காரர் பலர் மறந்துவிடுவர், படிவம் மறப்பதில்லை.

இந்த வகுப்புகளுள் இல்லத் தங்கல் என்பதே எங்களைப் போன்ற ஊருக்கு மிகவும் ஏற்றது. பெரு முதல் வேண்டியதில்லை. சுத்தமான ஓர் அறை, குளியலறை, வீட்டுச் சமையல் போதும். எங்கள் ஊரில் சொந்தக் காணியுள்ள சிலர் இதனைச் செய்து வாழ்கின்றனர். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது இடத்தின் உரிமையையோ குத்தகையையோ காட்டும் ஆவணம் வேண்டும். இங்கேதான் லயத்தில் வாழும் குடும்பம் நின்றுவிடுகிறது. நான்கு தலைமுறை அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்திருக்கலாம். முற்றத்து ரோசாச் செடியை வைத்தது பாட்டியாக இருக்கலாம். காணி அரசாங்கத்தினுடையது, குத்தகை கம்பனியினுடையது. அண்மைக் காலத்தில் 7 பேர்ச் காணியுடன் தனி வீடு பெற்ற குடும்பங்கள் உண்டு. அவற்றுக்கும் உறுதிப்பத்திரம் கைக்கு வந்தால்தான் விண்ணப்பம் எழுத முடியும். மலையக மக்கள் விடுதித் தொழிலில் ஊழியராக ஆயிரக்கணக்கில் இருந்தும், விடுதிக்காரராகச் சிலரே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு. திறமைக் குறைவு காரணமென்று சொல்வோரிடம், பங்களா அப்புமார் எத்தனை பேர் எந்தப் பள்ளியிலும் படியாமலே ஆங்கில விருந்து சமைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இனி ஊழியரின் பங்கு. விடுதிப் பட்டியலின் அடியில் நூற்றுக்குப் பத்து சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அது ஊழியருக்குப் பகிர்ந்தளிப்பதற்கென வாங்கப்படுவது. பல விடுதிகளில் பதவிக்கும் சேவைக் காலத்திற்கும் புள்ளிகள் இட்டு, மாத முடிவில் பகிர்வர். நல்ல மாதங்களில் அடிப்படைச் சம்பளத்தை விட இதுவே கூடுதலாக இருப்பதுண்டு. நாம் முன்பு செய்த கணக்கில் அறைகளின்மேல் இப்பத்து வீதத்தைச் சேர்த்தால், முதல் வழியில் ஊழியருக்கு 1 இலட்சத்து 35 ஆயிரமும், இரண்டாவது வழியில் 1 இலட்சத்து 44 ஆயிரமும் வரும். அறை வெறுமையானால் இதுவும் வெறுமையாகும். 2018 இல் 23 இலட்சம் வெளிநாட்டார் இந்நாட்டிற்கு வந்தனர். 2019 ஏப்ரல் 21 ஆம் நாள் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஆண்டு கொள்ளை நோய் வந்தது. 2020 இல் வந்தோர் 5 இலட்சம் அளவினர். 2021 இல் 2 இலட்சத்திற்கும் குறைவு. அந்த ஆண்டுகளில் எங்கள் பகுதி இளைஞர் பலர் பெட்டியுடன் வீடு திரும்பி, மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்கு நின்றதை நான் கண்டேன். 2024 இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. திரும்பிப் போகாமலே நின்றுவிட்டவர்களும் உண்டு.

சேமலாப நிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கப்பட்டு, முதலாளி 12 சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டும். இன்னொரு நிதியத்திற்கு முதலாளி மட்டும் 3 கட்ட வேண்டும். என் பழைய மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், ஒரு விடுதியில் 'பயிலுநர்' என்ற பெயரில் ஒன்றரை ஆண்டு வேலை செய்தான். உணவும் படுக்கையும் சிறு கைச்செலவும் கிடைத்தன. நியமனக் கடிதம் இல்லை. நிதியில் கணக்கும் இல்லை. பயிற்சி முடிந்தது எப்போது, வேலை தொடங்கியது எப்போது என்று கேட்டதற்கு அவனிடம் விடை இருக்கவில்லை. எத்தனை அறைகளைச் சுத்தம் செய்தான் என்பது மட்டும் நினைவிருந்தது.

இவ்வளவையும் எண்ணியே அன்று அந்தத் தந்தையிடம், வேலைக்கு அனுப்பலாம், ஆனால் படித்துவிட்டுப் போகட்டும் என்றேன். 1960களில் இலங்கை ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய அரச நிறுவனம், இன்று சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் என்ற பெயரில் கொழும்பிலும், கண்டி, பண்டாரவளை முதலிய இடங்களிலும் பயிற்சி அளிக்கிறது. வரவேற்பு, சமையல், அறைப் பராமரிப்பு, உணவு பரிமாறல் என்று தனித்தனிப் பாடநெறிகள் உண்டு. பின்னர் ஒரு தாளில் சில கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். விடுதி பதிவு பெற்றதா? எந்த வகுப்பில்? நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுபவர் யார்? சேவைக் கட்டணத்தைப் பகிரும் முறை என்ன? சேமலாப நிதி எந்த மாதத்திலிருந்து? தந்தை அத்தாளை இருமுறை மகனைக் கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பையன் பண்டாரவளையில் அறைப் பராமரிப்புப் படித்தான். இப்போது நுவரெலியா விடுதி ஒன்றில் அத்துறையில் மேற்பார்வை உதவியாளனாக இருக்கிறான். சித்திரைப் புத்தாண்டுக்கு வீட்டிற்கு வர விடுமுறை கிடைப்பதில்லை; ஜூன் மழையில் வந்து ஒரு வாரம் தங்கிப் போவான். சென்ற முறை வந்தபோது தந்தையும் உடன் வந்தார். அவர்களுக்கு இப்போது 7 பேர்ச் காணியில் வீடு ஒன்று உண்டு. முன்னறையைச் சமவெளி பார்க்க வருவோருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். குளியலறை எப்படி இருக்க வேண்டும், எத்தனை விரிப்பு வேண்டும் என்றெல்லாம் மகன் முன்பே கணக்குப் போட்டுவைத்திருந்தான். பிரதேச சபையில் பெற வேண்டியது, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பெற வேண்டியது யாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். உறுதிப்பத்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. அது வந்ததும் நிரப்பிக்கொள்ளலாம் என்று, விண்ணப்பப் படிவத்தை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருக்கின்றார்கள்.